எட்டு பாரிஷ்கள், ஒரு கண்ணாடி இழை: லங்காஷயர் கிராமங்கள் தாங்களே போட்டுக்கொண்ட இணையம்

இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஸ்டர் நகரத்துக்குக் கிழக்கே லூன் ஆற்றின் பள்ளத்தாக்கு இருக்கிறது. அதைத் தாண்டினால் போலண்ட் மேட்டுநிலம். செம்மறி ஆடும் கறவை மாடும்தான் அங்கே பெரும்பாலானவர்களின் பிழைப்பு. கற்களை அடுக்கிக் கட்டிய வேலிச்சுவர்களுக்கு நடுவே பண்ணைவீடுகள் தள்ளித் தள்ளி நிற்கும். 2011ஆம் ஆண்டின் இறுதியில் இந்தப் பகுதியைச் சேர்ந்த எட்டு பாரிஷ்களின் (நம் ஊராட்சி போன்ற, மிகச் சிறிய உள்ளாட்சி எல்லைகள்) மக்கள், வீடு வீடாக ஒளியிழை இணைய இணைப்பைத் தாங்களே பதித்துக்கொள்ள ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். 'பிராட்பேண்ட் ஃபார் த ரூரல் நார்த்' என்பது அதன் முழுப்பெயர். எல்லோரும் சுருக்கி 'பார்ன்' என்பார்கள். குவெர்ன்மோர், ரே, டேத்தம், வென்னிங்டன், ரோபர்ன்டேல், ஆர்க்ஹோம் ஆகியவை முதல் கட்டத்தில் இருந்த ஊர்களில் சில.

அன்று அந்த வீடுகள் பலவற்றில் 2 மெகாபிட் வேகம்கூடக் கிடைக்கவில்லை. சங்கம் அறிவித்ததோ நொடிக்கு 1,000 மெகாபிட், அதுவும் பதிவிறக்கத்துக்கும் பதிவேற்றத்துக்கும் ஒரே வேகம். இணைப்புக்கு 150 பவுண்டு, மாதம் 30 பவுண்டு. லண்டனில்கூடப் பெரும்பாலான வீடுகளில் அன்று அந்த வேகம் இல்லை. இந்த வேகத்தைத்தான் பத்திரிகைகள் அதிகம் எழுதின. எனக்கு முக்கியமாகப் படுவது வேலை நடந்த எல்லை. ஒரு பாரிஷ் என்ற சின்ன எல்லைக்குள் யாருடைய நிலம் எது, எந்த வாய்க்கால் எங்கே போகிறது, யாரிடம் யார் போய்ப் பேசினால் காரியம் நடக்கும் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். இந்தத் திட்டம் ஓடியது அந்த அறிவின் மேல்தான் என்பது என் முடிவு.

பாரிஷ் மன்றம் எவ்வளவு சின்னது

இங்கிலாந்தில் உள்ளாட்சியின் கடைசிப் படி பாரிஷ் மன்றம். தேவாலயப் பங்குகளின் கையில் இருந்த ஊர்க் காரியங்களைப் பிரித்து, மக்கள் தேர்ந்தெடுக்கும் மன்றங்களிடம் கொடுத்தது 1894ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம். இன்று சிறுநகர மன்றங்களையும் சேர்த்துச் சுமார் 10,000 மன்றங்கள் இருக்கின்றன. உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகுதிநேரமாக ஒரு எழுத்தர் இருப்பார், பல ஊர்களில் அவர் ஒருவர்தான் சம்பளக்காரர். வாக்காளர்கள் 150 பேருக்கும் குறைவாக இருக்கும் ஊரில் மன்றமே இல்லாமல், ஊர்க்கூட்டம் மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளலாம்.

அதிகாரமும் அந்த அளவுதான். இடுகாடு, விளையாட்டுத் திடல், பேருந்து நிழற்குடை, நடைபாதை விளக்கு, காய்கறி போடும் வாடகைப் பாத்திகள், போர் நினைவுத்தூண். சாலையும் பள்ளிக்கூடமும் லங்காஷயர் கவுண்டி மன்றத்தின் கையில். குப்பை அள்ளுவது லங்காஸ்டர் நகர மன்றத்தின் பொறுப்பு. பாரிஷுக்கு வரும் பணம், நகர மன்றம் வசூலிக்கும் வீட்டுவரியோடு சேர்த்துப் பிடிக்கும் ஒரு சிறிய தொகை. நம் கிராம ஊராட்சியோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் கை சுருங்கிய அமைப்பு.

ஆனால் ஒன்று உண்டு. கூட்டத்துக்கு முழுதாக மூன்று நாள் முன்பே நிகழ்ச்சி நிரலை ஊர்ப் பலகையில் ஒட்டியாக வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில், வாக்காளர் எவரும் எழுந்து பேசக்கூடிய பாரிஷ் கூட்டம் நடந்தாக வேண்டும். ஊர் விஷயம் எதுவானாலும் எங்கே போய்ப் பேசுவது என்ற கேள்வியே எழாது. பணமும் அதிகாரமும் இல்லாத ஒரு மன்றத்தின் உண்மையான சொத்து இதுதான்.

ஏன் யாரும் வரவில்லை

பழைய செம்புக் கம்பியில் இணையம் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவுக்குத் தேய்ந்துபோகும். தொலைபேசி நிலையத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பண்ணையில் மின்னஞ்சல் திறப்பதே பாடு. சாலையோரப் பெட்டி வரை ஒளியிழை, அங்கிருந்து வீட்டுக்குச் செம்புக் கம்பி என்ற அரைவழித் தீர்வும் பெட்டிக்குப் பக்கத்து வீடுகளுக்குத்தான் உதவும். ஓரிரு கிலோமீட்டர் தாண்டினால் அதுவும் படுத்துவிடும். சிதறிக் கிடக்கும் பண்ணைகளுக்கு ஒரு பெட்டி வைத்து யாருக்கு என்ன லாபம்?

அதே நேரத்தில் அரசு எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றிக்கொண்டிருந்தது. மதிப்புக்கூட்டு வரிக் கணக்கு, மாடு இடம் மாறினால் பதிவு, மானிய விண்ணப்பம் எல்லாமே. 2015இல் விவசாய மானியத்துக்கு இணையத்தில் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்துவிட்டு, தளம் சரியாக ஓடாததால் மார்ச் மாதம் காகிதப் படிவத்துக்கே திரும்ப வேண்டிவந்தது. இணைப்பு இல்லாத விவசாயிக்கு இது பொழுதுபோக்குப் பிரச்சினை அல்ல, வருமானப் பிரச்சினை.

முன்கதை

இந்தத் துணிச்சல் ஒரே நாளில் வரவில்லை. ரே என்ற கிராமத்துக்கு லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தோடு பழைய தொடர்பு உண்டு. 2000களின் முற்பகுதியிலேயே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அங்கே கம்பியில்லா வலையமைப்பு ஒன்றைப் போட்டுச் சோதித்தார்கள். அது வேலை செய்தது. ஊர்க்காரர்கள் இணையம் என்றால் என்ன என்று ருசி கண்டார்கள். மழையும் மரமும் மேடும் உள்ள இடத்தில் கம்பியில்லா இணைப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதும் பிடிபட்டது. ரே பக்கத்து விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்த கிறிஸ் காண்டர், அரசு வரும் என்று காத்திருந்து அலுத்து, தங்கள் வயல் வழியாகவே இழை பதித்து அண்டை வீடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தவர். பல்கலைக்கழகத்தில் வலையமைப்புத் துறையில் நீண்டகால அனுபவம் உள்ள பாரி ஃபோர்ட் திட்டத்தின் தொழில்நுட்பப் பொறுப்பை ஏற்றார். வயலில் இறங்கத் தயங்காதவர் ஒருவர், வெளியுலக இணையத்தோடு சேர மான்செஸ்டர் வரை கம்பி எப்படிப் போக வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர். இரண்டு வகை ஆளும் ஒரே பள்ளத்தாக்கில் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம். மற்ற ஊர்களும் இதைப் போலச் செய்யலாமே என்று பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது.

பணம்

வங்கிக் கடன் இல்லாமல் எப்படித் தொடங்குவது? பங்கு விற்றார்கள். ஆனால் பார்ன் சாதாரண நிறுவனம் இல்லை, சமூகநலச் சங்கமாகப் பதிவு செய்யப்பட்டது. குறைந்தபட்சப் பங்கு 100 பவுண்டு. எவ்வளவு போட்டாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான். பங்கைச் சந்தையில் விற்க முடியாது. சில ஆண்டு கழித்து முகமதிப்புக்குத் திரும்பப் பெறலாம், நான்காம் ஆண்டிலிருந்து வட்டியும் உண்டு. சொத்துப் பூட்டு என்ற விதிப்படி, உறுப்பினர்கள் சேர்ந்து முடிவெடுத்தாலும் சங்கத்தை விற்று லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. 1,500 பவுண்டு போட்டவர்களுக்கு இணைப்புக் கட்டணம் தள்ளுபடி, ஓராண்டுச் சந்தாவும் இலவசம். அரசின் முதலீட்டு ஊக்கத் திட்டத்தின் கீழ் வருமான வரியில் 30 சதவீதச் சலுகையும் கிடைத்ததால், கொஞ்சம் சேமிப்பு வைத்திருந்த ஓய்வூதியர்களுக்கு இது நியாயமான முதலீடாகவே தெரிந்தது.

பாரிஷ் மன்றமே கடன் வாங்கி இதைச் செய்திருக்கலாமே என்று தோன்றும். செய்யாமல் விட்டதுதான் சரி என்று நினைக்கிறேன். மன்றம் கடன் வாங்க மத்திய அரசின் ஒப்புதல் வேண்டும், திருப்பிக் கட்ட வீட்டுவரியை ஏற்ற வேண்டும். இணையமே வேண்டாம் என்கிற எண்பது வயதுப் பாட்டியும் அந்த வரியைக் கட்டியாக வேண்டும். திட்டம் தோற்றிருந்தால் ஊரே கடனாளி. பங்கு முறையில் நட்டம் வந்தால் அது மனமறிந்து பணம் போட்டவர்களோடு நின்றுவிடும். உழைப்பையும் பங்காகப் போடலாம் என்று விட்டது இன்னும் நல்ல யோசனை. வயலில் தோண்டினால் மீட்டருக்கு 1.50 பவுண்டு என்று கணக்கு வைத்து, அதைப் பங்காக எடுத்துக்கொள்ள வழி செய்தார்கள். கையில் பணம் இல்லாமல் டிராக்டர் மட்டும் வைத்திருந்த இளம் விவசாயியும் இப்படி உரிமையாளர் ஆனார்.

வழியுரிமை

இனி விஷயத்தின் நடுமையம். கிராமத்தில் ஒளியிழை போடும் செலவில் இழையின் விலை அற்பம். பெரும்பணம் போவது தோண்டுவதற்கு. தார்ச்சாலையைத் தோண்டினால் அனுமதி, போக்குவரத்து மாற்றம், மறுபடி தார் போடுவது என்று மீட்டருக்கு மீட்டர் செலவு ஏறும். புல்வெளியைத் தோண்டுவது அதில் ஒரு சிறு பங்குதான். ஆனால் புல்வெளி ஒருவருடைய சொத்து. அதன் அடியில் குழாய் பதிக்க அவர் எழுத்தில் வழியுரிமை தர வேண்டும், அதற்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வழக்கமாகக் கட்டணம் கொடுக்கும். ஒரு பெரிய நிறுவனம் எட்டு பாரிஷ்களில் உள்ள எல்லா நிலக்காரர்களையும் தேடிப்பிடித்து, ஒவ்வொருவரோடும் பேரம் பேசி, வழக்கறிஞரை வைத்துக் கையெழுத்து வாங்குவதென்றால் ஆண்டுக்கணக்கில் ஆகும்.

பார்ன் வழியுரிமைக்கு ஒரு காசு கொடுக்கவில்லை. நிலக்காரர்கள் இலவசமாகவே கொடுத்தார்கள். கேட்கப் போனவர் அவர்களுடைய பக்கத்து வீட்டுக்காரர். அதே தேவாலயம், அதே மதுக்கடை, அதே ஆட்டுச் சந்தை. 'எங்க வீட்டுக்கு வரணும்னா உங்க மேட்டு வயல் வழியாத்தான் வரணும், உங்களுக்கும் அதுலயே வந்துடும்' என்று பேச்சைத் தொடங்கலாம். மறுத்தால் தனக்குக் கீழே உள்ள நாலு வீட்டுக்கும் இணைப்பு கிடைக்காது என்பது மறுப்பவருக்கும் தெரியும். யாரும் மிரட்ட வேண்டியதில்லை.

எல்லாம் எளிதாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. போலண்ட் பகுதியில் உழுபவர் ஒருவர், உடைமையாளர் வேறொருவர் என்பது சாதாரணம். அபிஸ்டெட் எஸ்டேட் வெஸ்ட்மின்ஸ்டர் பிரபுவின் குடும்பத்துக்குச் சொந்தமானது. குத்தகைதாரர் சரி என்றாலும் எஸ்டேட் அலுவலகம் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம் பண்ணையின் காலக்கணக்கு வேறு. ஆடு குட்டி போடும் வசந்தகாலத்தில் வயலுக்குள் இயந்திரம் கொண்டுபோக எந்த விவசாயியும் விடமாட்டார். குளிர்கால மழையில் நிலம் குழைந்திருக்கும்போது டிராக்டர் இறங்கினால் புல் நாசம். எந்த வயல் எப்போது காயும், நிலத்தடி வடிகால் குழாய் எங்கே ஓடுகிறது என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது, அந்த வயலில் வளர்ந்தவர் தலைக்குள் இருக்கும். பாதை வகுக்கும் பொறுப்பை ஒவ்வொரு பாரிஷிலும் உள்ளூர்த் தன்னார்வலர்களிடமே விட்டது இதனால்தான் பலன் கொடுத்தது.

மண்ணும் கண்ணாடியும்

வேலை நடக்கும் விதம் இது. டிராக்டரின் பின்னால் கத்தி போன்ற உழுகருவி. அது புல்தரையைக் கீறிக்கொண்டே போகும்போது, பின்னால் உருளையிலிருந்து அவிழும் பிளாஸ்டிக் குழாய் முழங்கால் ஆழத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும். மேலே கிடக்கும் கீறலைச் சக்கரம் மிதித்து மூடிவிடும், சில மாதத்தில் தடமே தெரியாது. கற்பாறை வந்தால் பள்ளம் தோண்டும் இயந்திரம். வேலிச்சுவர் வந்தால் அடிக்கல்லைப் பெயர்த்துக் குழாயை நுழைத்து மறுபடி அடுக்க வேண்டும். ஓடை வந்தால் பாலத்தையோ மதகையோ தேட வேண்டும்.

முதன்மைப் பாதைக்கு 16 மில்லிமீட்டர் குழாய். அதிலிருந்து பிரிந்து வீட்டுக்குப் போவது 7 மில்லிமீட்டர், ஒரு பென்சில் தடிமன்தான். வயல் ஓரத்திலிருந்து வீட்டுச் சுவர் வரையிலான கடைசித் துண்டைத் தோண்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு. ரோஜாச் செடிக்கு எந்தப் பக்கமாகப் போகலாம் என்பதையும் அவரே தீர்மானித்துக்கொள்வார். குழாய் இருபுறமும் தயாரானதும் ஒரு முனையில் காற்றழுத்த இயந்திரத்தைப் பொருத்தி இழையை உள்ளே ஊதுவார்கள். அழுத்தக் காற்று இழையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிச் செல்லும். மறுமுனையில் நிற்பவர் தொலைபேசியில், 'வந்துடுச்சு' என்று சொல்லும்வரை எல்லோரும் காத்திருப்பார்கள்.

அடுத்தது ஒட்டு. இழையின் மேலுறையை உரித்தால் உள்ளே தலைமுடி அளவே உள்ள கண்ணாடி. ஆல்கஹாலால் துடைத்து, வைரமுனைக் கருவியில் நேராக வெட்டி, இரண்டு முனைகளையும் ஒரு சிறு இயந்திரத்துக்குள் எதிரெதிரே வைக்க வேண்டும். இயந்திரம் திரையில் இரண்டையும் பெரிதாக்கிக் காட்டி, தானே நேராக்கி, மின்பொறியில் உருக்கி ஒட்டிவிடும். ஒரு தூசி இருந்தால் ஒளி கசியும், மறுபடி வெட்டி மறுபடி ஒட்ட வேண்டும். இது தொழில்முறைக்காரர்களின் வேலை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கிறிஸ் காண்டர் போன்ற பண்ணைப் பெண்கள் கற்றுக்கொண்டு செய்தார்கள். பொறுமையும் நடுங்காத கையும் இருந்தால் போதும் என்று நிரூபித்தது எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி.

எல்லோருக்கும்

சங்கம் ஆரம்பத்திலேயே ஒரு விதி வைத்துக்கொண்டது. ஒரு பாரிஷை எடுத்தால், கேட்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுப்பது. பள்ளத்தாக்கின் கடைசியில் ஒற்றையாக நிற்கும் பண்ணைக்கு ஆகும் செலவு ஊர் நடுவில் உள்ள வீட்டைவிடப் பல மடங்கு, ஆனால் கட்டணம் ஒன்றே. கிராமப் பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் சந்தா கிடையாது. ஒரு பாரிஷ் தன் பங்குக்கான பணத்தைத் திரட்டியதும் அங்கே வேலை தொடங்கும். ஆகவே முதலில் பணம் போட்டவர்கள் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

வணிகக் கணக்கில் இது முட்டாள்தனமாகத் தெரியும். பாரிஷ் கணக்கில் இதுதான் புத்திசாலித்தனம். அந்தக் கடைசிப் பண்ணைக்காரரின் நிலம்தான் பலருக்குப் பாதை, அவருடைய டிராக்டர்தான் உழுகிறது. அவரை விட்டுவிட்டு ஊருக்கு நடுவில் மட்டும் போட்டிருந்தால் இலவச வழியுரிமை என்ற அஸ்திவாரமே ஆடியிருக்கும்.

மன்றத்தின் பங்கு

பாரிஷ் மன்றங்கள் தோண்டவில்லை, சங்கத்தை நடத்தவும் இல்லை. பாரிஷ் என்ற அமைப்பு கொடுத்தது தயாராக இருந்த ஒரு எல்லை, பேச ஒரு இடம், செய்தி போக ஒரு வழி. பங்கு விற்பனைக் கூட்டங்கள் ஊர் மண்டபங்களில் நடந்தன. ஊர் மடல், அறிவிப்புப் பலகை, பாரிஷ் கூட்டம் மூன்றும் இணையம் இல்லாத வீடுகளுக்கு இணையத் திட்டத்தைப் பற்றிச் சொல்லப் பயன்படும் ஒரே சாதனங்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 137ஆம் பிரிவின்படி, வேறு அதிகாரம் இல்லாத நற்காரியங்களுக்கு வாக்காளர் ஒருவருக்குச் சில பவுண்டுகள் என்ற உச்சவரம்புக்குள் ஒரு பாரிஷ் மன்றம் செலவு செய்யலாம். ஒரு கூட்டத்துக்கான செலவுக்கு, துண்டறிக்கை அச்சடிக்க, அது போதும்.

இதைவிட மன்றம் அதிகம் செய்ய முயன்றிருந்தால் கெட்டிருக்கும் என்றே நினைக்கிறேன். தேர்தலில் ஆள் மாறும், எழுத்தர் மாறுவார், ஒரு மன்றத்தில் இருவருக்குள் மனக்கசப்பு என்றால் தீர்மானம் தள்ளிப்போகும். எட்டு மன்றங்கள் ஒரே தீர்மானத்தை ஒரே நேரத்தில் நிறைவேற்றுவது நடக்கிற காரியமா? சங்கம் தனியாக இருந்ததால் ஒரு பாரிஷ் தயங்கினாலும் அடுத்த பாரிஷில் குழாய் இறங்கிக்கொண்டிருந்தது.

உரசலும் வரம்பும்

அதிவேக இணையத்துக்கான அரசு மானிய ஒப்பந்தத்தைக் கவுண்டி மன்றம் ஒரே பெரிய நிறுவனத்திடம் கொடுத்திருந்தது. டால்ஃபின்ஹோம் கிராமத்தில் பார்னும் அந்த மானியத் திட்டமும் ஒரே இடத்தில் மோதிக்கொண்டன. மக்கள் சொந்தப் பணம் போட்டுக் கட்டும் இடத்தில் பொதுப்பணத்தில் இன்னொரு வலையமைப்பு எதற்கு என்று சங்கத்தினர் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. மானியத்துக்கான வரைபடம் கவுண்டி மட்டத்தில் போடப்பட்டது, எந்த வயலில் யார் ஏற்கெனவே குழாய் பதிக்கிறார்கள் என்பது பாரிஷ் மட்டத்தில்தான் தெரியும். மேல்படி கீழ்ப்படியிடம் கேட்கும் ஏற்பாடு அன்று சரியாக இல்லை.

மற்ற வரம்புகளையும் மறைக்கக் கூடாது. 1,500 பவுண்டு எடுத்துவைக்கக்கூடிய குடும்பங்கள் போதுமான அளவில் இருந்த பகுதி இது. நேரம் உள்ள ஓய்வுபெற்றவர்களும் இயந்திரம் உள்ள விவசாயிகளும் சேர்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம். கூலிக்குப் போகும் குடும்பங்கள் மட்டுமே உள்ள ஒரு ஊரில், அல்லது நிலமெல்லாம் வெளியூர்க்காரர் கையில் உள்ள ஒரு ஊரில், இதே முறை அப்படியே நடக்காது. தன்னார்வ உழைப்புக்கும் எல்லை உண்டு. மழையில் பள்ளம் தோண்ட முதல் ஆண்டு வருகிறவர்கள் ஐந்தாம் ஆண்டும் வருவார்கள் என்று எதிர்பார்ப்பது அநியாயம். சங்கம் வளர வளரச் சம்பளத்துக்கு ஆள் வைத்தது. மெல்லிங் கிராமத்தில் அலுவலகம் போட்டது. இணைப்பு வந்த முதியவர்கள் கணினியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்த் தேநீரோடு உட்கார்ந்து சந்தேகம் கேட்க முடிந்தது.

பிறகு

பின்னாளில் அரசே கொள்கையை மாற்றிக்கொண்டது. 2019இல் கிராமப்புற ஜிகாபிட் திட்டத்தின் கீழ் வீட்டுக்கு 1,500 பவுண்டு வரையிலும் சிறுதொழிலுக்கு 3,500 பவுண்டு வரையிலும் சலுகைச்சீட்டு கொடுத்தார்கள். ஒரு பாரிஷில் உள்ள வீடுகள் தங்கள் சீட்டுகளை ஒன்றுசேர்த்து, விரும்பிய நிறுவனத்திடம் கொடுக்கலாம். பார்னுக்கு இது பெரிய திருப்பம். பங்கு விற்றே தீர வேண்டும் என்ற நெருக்கடி தளர்ந்தது. காலப்போக்கில் கும்ப்ரியா, யார்க்ஷயர் பக்கத்துக் கிராமங்களுக்கும், தொலைவில் நார்ஃபோக், சஃபோக் எல்லைக் கிராமங்களுக்கும் வலையமைப்பு பரவியது. இணைந்த வீடுகள் பத்தாயிரத்தைத் தாண்டின. 2020 மார்ச்சில் நாடு முழுவதற்கும் சட்டப்படி உறுதிசெய்யப்பட்ட குறைந்தபட்ச வேகம் 10 மெகாபிட். ஊரடங்கு வந்ததும் அதே மாதம்தான். போலண்ட் மேட்டில் உள்ள பண்ணைவீடுகளில் அப்போது ஆயிரம் மெகாபிட் ஓடிக்கொண்டிருந்தது.

சலுகைச்சீட்டு வந்த பிறகும் புதிய பாரிஷ் ஒன்று சேரும்போது முதல் வேலை மாறவில்லை. உள்ளூர்த் தன்னார்வலர் இருவரோ மூவரோ பெரிய வரைபடம் ஒன்றை விரித்து, ஒவ்வொரு வயலிலும் உடைமையாளர் பெயரை எழுதுகிறார்கள். பெயர் தெரியாத வயலுக்கு யாரைக் கேட்பது என்று பேசிக்கொள்கிறார்கள். அடுத்த நாளே போய்க் கேட்கிறார்கள்.